எங்க வீட்டுக் கடிகாரம் – 11: ரசத்துக்குப் பத்து எண்ணு

தென்காசிப் பக்கத்துச் சமையலில் கெட்டிக்கும் குறைவில்லை, நீர்த்ததுக்கும் குறைவில்லை. உளுந்தங்களி ஒரு கோடி என்றால் சொதி மறுகோடி. எட்டு வயதான என் மூத்த மகனுக்குக் களி ஒத்துப்போகும்; சொதி ஆகாது. அவனுக்குப் பெருமூளை வாதம். போன வாரம் குளிப்பாட்டி உட்கார வைத்ததோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் முழுக்கச் சாப்பாடுதான்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அவன் காலைப் பார்ப்பார்கள். “நடந்துருவானா?” என்பதுதான் முதல் கேள்வி. விழுங்குவதும் தசை செய்கிற வேலைதான் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. உதடு மூட வேண்டும், நாக்கு சோற்றைத் திரட்டிப் பின்னால் தள்ள வேண்டும், சரியாக அந்த நேரத்தில் மூச்சுக்குழல் அடைபட வேண்டும். அவனுக்கு இந்த வரிசை தாமதமாக நடக்கிறது. தண்ணீர் அதுவரை காத்திருக்காது. புரையேறி இருமினால்கூட நல்லது, நமக்குத் தெரிந்துவிடும். இருமலே இல்லாமல் நுரையீரலுக்குப் போவதும் உண்டு. குடித்து முடித்ததும் குரல் களகளவென்று ஈரமாகக் கேட்டால், சளிக்காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால், சந்தேகப்பட வேண்டும்.

உடம்புக்கு முடியாதவர்களுக்கென்றே நாம் வைத்திருக்கும் ரசம் சாதம் இருக்கிறதே, அதுதான் இவனுக்கு ஆக மோசம். சோறு வாயில் நிற்கும்போதே ரசம் தனியாகப் பிரிந்து முன்னால் ஓடிவிடும். ஒரே வாயில் இரண்டு வேகம். அதே சோற்றைத் தயிரில் குழைய மசித்தால் மொத்தமும் சேர்ந்து போகும். இட்லியில் சாம்பாரை ஊற்றி ஊறவிட்டு, தனி நீர் நிற்காமல் பிசைந்தால் பிரச்சினை இல்லை.

எவ்வளவு கெட்டி என்பதைக் கண்ணால் அளக்க முடியாது. அதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் ஓர் அளவுமுறை உண்டு. 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்து, கஞ்சியை 10 மி.லி. கோடு வரை ஊற்றி, விரலை எடுத்துப் பத்து நொடி விட வேண்டும். மீதி எவ்வளவு என்று பார்த்தால் போதும். 1 மி.லி.க்கும் குறைவென்றால் 0, அதாவது வெறும் தண்ணீர் மாதிரி. 4 முதல் 8 வரை நின்றால் இரண்டாம் நிலை. எட்டுக்கு மேல் நின்றால் மூன்று. சொட்டுக்கூட இறங்காவிட்டால் நான்கு. அதைக் கரண்டியால்தான் ஊட்ட முடியும்.

எண்ணுவது சின்னவள் வேலை. வயது ஐந்து. “ஒண்ணு, ரெண்டு...” என்று அவள் ராகம் போட்டு ஆரம்பிப்பாள். ரசம் அவள் பத்துக்கு வருமுன் காலி. “ரசம் தோத்துப்போச்சு!” கேழ்வரகுக் கஞ்சி சூட்டில் ஓடும், ஆறினால் இறுகும். அதனால் ஊட்டுகிற சூட்டில்தான் சோதிக்க வேண்டும். எங்களுக்கு மருத்துவர் சொன்னது மூன்றாம் நிலை. உங்கள் பிள்ளைக்கு எது என்பதை விழுங்குதலைப் பரிசோதித்தவரிடம் கேளுங்கள். என் கணக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதைவிடக் கஷ்டம், வீட்டுப் பழக்கங்களை மாற்றுவது. எச்சில் படாமல் தூக்கிக் குடிப்பது நமக்கு மரியாதை. அவனுக்கு அது ஆபத்து. அண்ணாந்தால் மூச்சுக்குழல் திறந்து கிடக்கும். முகவாய் கொஞ்சம் கீழே இறங்கியிருக்க வேண்டும், டம்ளர் உதட்டில் பட வேண்டும். அவன் ஆச்சியான என் அத்தைக்கு இது இன்னும் மனசுக்கு ஒப்பவில்லை. “எச்சி பண்ணிக் குடிக்கவா சொல்லித் தார?” என்பார்கள். மடியில் சாய்த்துப் பாலாடையில் புகட்டிப் பிள்ளைகளை வளர்த்த கை அவர்களுடையது. ஆனால் மூத்தவன் சாய்ந்து சாப்பிடக் கூடாது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் மடங்கி நிமிர்ந்து உட்கார வேண்டும். அதற்குத்தான் முகாமில் கொடுத்த, பெருமூளை வாதப் பிள்ளைகளுக்கான சி.பி. நாற்காலி. கான்பூரில் உள்ள மத்திய அரசின் அலிம்கோ நிறுவனம் செய்தது.

ஊட்டுகிறவர் எதிரே, அவன் கண்மட்டத்தில் உட்கார வேண்டும். ஆச்சி பக்கவாட்டில் இருந்து “இங்க பாரு ராசா” என்றால் அவன் ஆசையாகத் திரும்புவான். திரும்பிய பக்கத்துக் கை விறைத்து நீளும், உடம்பு வில்லாக வளையும், வாயில் இருப்பது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கரண்டியைக் கடித்துக்கொண்டால் பிடுங்கக் கூடாது. பிடுங்கப் பிடுங்கத் தாடை இறுகும். தானே விடும்வரை சும்மா இருக்க வேண்டும். இதற்காகவே வீட்டில் எவர்சில்வர் கரண்டி போய் பிளாஸ்டிக் வந்தது.

இந்த வட்டாரத்தில் இதையெல்லாம் சொல்லித்தர ஆள் கிடைப்பது எங்கள் அதிர்ஷ்டம். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981-ல் ஆய்க்குடியில் தொடங்கியது அமர் சேவா சங்கம். இன்று அதன் களப்பணியாளர்கள் கிராமங்களில் வீடு தேடிப் போய்ப் பயிற்சி தருகிறார்கள்.

இப்படி ஊட்டினால் மூத்தவனின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்துக்குள் சின்னவள் தானே பிசைந்து, தானே சாப்பிட்டு, தட்டைத் தொட்டியில் போட்டுவிடுவாள். வந்தவர்கள் “இவதான் அவனுக்குச் சின்ன அம்மா” என்று கொஞ்சுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஐந்து வயதில் அவள் ஏன் அம்மா ஆக வேண்டும்? ஒரு நாள் முழுத்தட்டையும் தள்ளி வைத்துவிட்டு “எனக்கும் ஊட்டு” என்று உட்கார்ந்தாள். அன்றிலிருந்து இரவில் மூத்தவன் அவன் அப்பா பொறுப்பு. நான் அவளுக்கு உருண்டை பிடித்துக் கொடுப்பேன். பேய்க்கதை சொல்ல வேண்டும். பாதியில் நிறுத்தினால் வாய் திறக்க மாட்டாள்.

மூத்தவனுக்கு முறுக்கு தராதது அவளுக்குப் பெரிய அநியாயம். பயிற்சி தருகிறவரிடமே வழக்குப் போட்டாள். கடைசியில் மாங்காய் ஊறுகாய் எண்ணெயை விரலால் தொட்டு அவன் நாக்கில் வைக்க அனுமதி வாங்கினாள். முதல்முறை முகத்தைச் சுளித்தான், தோளைக் குலுக்கினான், மறுபடி வாயைத் திறந்தான். ஞாயிறுதோறும் இது நடக்கிறது.

ஜூன் மாதம் இருவரும் ஒரே பள்ளிக்குப் போகிறார்கள். சத்துணவில் அவித்த முட்டை உண்டு. மஞ்சள் கரு மாவாக மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்; தயிரில் மசித்தால்தான் அவனால் விழுங்க முடியும். யார் மசிப்பது? ஆசிரியரா, சத்துணவு ஆயாவா, தினமும் பன்னிரண்டு மணிக்கு நான் போய் நிற்பதா? அந்தப் பஞ்சாயத்து அடுத்த வாரம்.