சிக்னல் போனால் சும்மா இருக்காதீர்கள்

சிம் அட்டையை நெட்வொர்க் அடையாளம் காண்பது உங்கள் பத்து இலக்க எண்ணை வைத்து அல்ல. அட்டைக்குள் வேறொரு சந்தாதாரர் எண்ணும் ஒரு ரகசியச் சாவியும் இருக்கின்றன. போனை ஆன் செய்ததும் நெட்வொர்க் ஏதோ ஓர் எண்ணை அனுப்பும். சிம் அதையும் தன் சாவியையும் வைத்துக் கணக்குப் போட்டு, விடையை மட்டும் திருப்பி அனுப்பும். செல்போன் கம்பெனியின் கணினி போட்ட விடையும் அதுவே என்றால் சிக்னல் கிடைக்கும். சாவி காற்றில் போவதே இல்லை. இந்த முறை வருவதற்கு முந்தைய அனலாக் போன்கள் தம் அடையாளத்தை வெளிப்படையாக ஒலிபரப்பியதால் அவற்றைப் போலி செய்வது சுலபமாக இருந்தது. 1991இல் பின்லாந்தில் தொடங்கிய ஜிஎஸ்எம் என்ற டிஜிட்டல் முறை அந்த ஓட்டையை அடைத்தது.

அப்படியானால் உங்கள் செல்போன் எண் எங்கே இருக்கிறது? கம்பெனியின் பதிவேட்டில், இந்த எண்ணுக்கு இந்த சிம் என்று ஒரு வரியாக. மோசடிக்காரர் சாவியை உடைக்க மெனக்கெடுவதில்லை. அந்த வரியை மாற்றினாலே போதும். போலி அடையாளச் சான்றோடு கடைக்குப் போய் ‘சிம் தொலைந்துவிட்டது’ என்பார். அல்லது கஸ்டமர் கேர் என்று சொல்லி உங்களையே அழைத்து, ஒரு இ-சிம் கோரிக்கைக்குச் சம்மதம் வாங்கிவிடுவார். புதிய சிம் உயிர்பெற்றதும் உங்கள் கையில் இருப்பது செத்துவிடும். அதன்பிறகு ஓடிபி எல்லாம் அவருக்குத்தான். ஏமாறுவது விவரம் தெரியாதவர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஜாக் டார்சியின் சொந்த ட்விட்டர் கணக்கே இப்படித்தான் பறிபோனது. 2024 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் எக்ஸ் கணக்கும் போனது.

இந்தியாவில் சில தடுப்புகள் உண்டு. சிம் மாற்றியதும் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வசதியை நிறுத்திவைக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவு. மாற்றிய 7 நாளுக்குள் வேறு கம்பெனிக்கு எண்ணை மாற்ற முடியாது என்று 2024 ஜூலை முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதியும் இருக்கிறது. அந்த 24 மணி நேரம் உங்களுக்காகக் கொடுக்கப்பட்ட அவகாசம். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? டவர் கோளாறு என்று போனை இரண்டு முறை ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டுத் தூங்கிவிடுகிறோம்.

பக்கத்தில் இருப்பவர் போனில் சிக்னல் இருந்து உங்களுக்கு மட்டும் வெகுநேரம் இல்லையென்றால், அந்தப் போனை வாங்கி முதலில் உங்கள் கம்பெனியைக் கேளுங்கள். சிம் மாற்றப்பட்டிருந்தால் அதை முடக்கச் சொல்லுங்கள். உடனே வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் 1930க்கு அழையுங்கள்; தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். பிறகு வரும் வாதமெல்லாம் அந்த நேரத்தைச் சுற்றித்தான்.

காரணம், ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதி. தவறு வங்கியிடமும் இல்லாமல் உங்களிடமும் இல்லாமல் இடையில் எங்கோ நடந்திருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு நட்டம் பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கில் உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய். பொறுப்பு உங்களுடையது என்று நிரூபிக்கும் சுமை வங்கிக்கே. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் புகார் செய்யும்வரை போனது உங்கள் தலையில். அதன்பின் போவது வங்கியின் தலையில். இதில் ஒரு வில்லங்கம் உண்டு: வங்கியின் எஸ்எம்எஸ்ஸும் திருடன் கைக்குத்தான் போகும். அதனால் மின்னஞ்சலுக்கும் தகவல் வரும்படி இன்றே பதிந்துவையுங்கள்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொரு கதவும் உண்டு: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கோரும் மனு. மாநில அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே அதை விசாரிக்கும் அதிகாரி. 2010இல் தமிழ்நாட்டில், போலி மின்னஞ்சலில் ஏமாந்த ஒரு வாடிக்கையாளருக்கு 12 லட்சம் ரூபாய்க்கு மேல் தரும்படி ஒரு வங்கிக்கு இந்த வழியில்தான் உத்தரவானது.

உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் ஓடுகின்றன என்பதை தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். பழைய எண்ணைக் கைவிடுகிறவர்கள் அதற்கு முன்பே வங்கியிலும் ஆதாரிலும் எண்ணை மாற்றிவிட வேண்டும். இணைப்பு துண்டிக்கப்பட்டு 90 நாள் கழிந்ததும் அந்த எண்ணைக் கம்பெனி வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.