ரோட்டைச் சுரண்டும் இரும்புப் பற்கள்!

இரவு மணி 11. தெரு தூங்கிக்கொண்டு இருக்கிறது.

திடீரென்று "கடகட" என்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்கின்றன. தொட்டிலில் கிடக்கும் குழந்தை விழித்து அழுகிறது. பாட்டி எழுந்து வந்து வாசல் கதவைத் திறந்து பார்க்கிறாள்.

யானை போல ஒரு எந்திரம் தெருவில் நகர்ந்து வருகிறது. முன்னால் நீண்ட தும்பிக்கை. அதன் வழியாகக் கருப்புத் தூள் கொட்டுகிறது. முன்னே போகும் லாரி அதை ஏந்திக்கொள்கிறது. எந்திரம் கடந்து போன இடத்தில், ரோடு உழுத வயல் மாதிரி கோடு கோடாகக் கிடக்கிறது.

"ரோடு நல்லாத்தானே இருந்தது? எதுக்கு இப்படிச் சுரண்டுறாங்க?" என்கிறாள் பாட்டி.

நியாயமான கேள்விதான். பதில், பாட்டியின் வீட்டு வாசலிலேயே இருக்கிறது!

படிகள் எங்கே?

அந்த வீட்டைக் கட்டியபோது வாசலில் 2 படிகள் இருந்தன. ஏறித்தான் உள்ளே போகவேண்டும். இன்று படிகளைக் காணோம். தெருவும் திண்ணையும் ஒரே மட்டம்.

படிகளை யாரும் திருடிக்கொண்டு போகவில்லை. ரோடு விழுங்கிவிட்டது!

பழைய ரோட்டின் மேலேயே புதிய தாரைப் போட்டால், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 2 அங்குலம் உயரும். 6 தடவை போட்டால் 12 அங்குலம். அதாவது ஒரு அடி! 2 படிகள் மண்ணுக்குள் போய்விடும்.

ரோடு உயர்ந்தால் வீடு தாழும். மழை பெய்தால் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். அரிசி நனையும். பிள்ளைகளின் புத்தகம் மிதக்கும். சென்னையில் சிலர் வீட்டையே "ஜாக்கி" வைத்துத் தூக்கி, அடியில் செங்கல் வைத்துக் கட்டிக்கொள்கிறார்கள். அந்தச் செலவை எல்லோராலும் தாங்க முடியுமா?

2021-ம் ஆண்டு மே மாதம், அப்போதைய தமிழகத் தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு அதிகாரிகளுக்கு ஒரு உத்தரவு அனுப்பினார். பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே அளவுக்குத்தான் புதிய தளம் போடவேண்டும் என்பது உத்தரவு. ரோடு உயர்ந்து வீடுகளுக்குள் தண்ணீர் புகக்கூடாது என்பதே நோக்கம்.

அந்தச் சுரண்டும் வேலைக்குத்தான் இந்த யானை வருகிறது. இதன் பெயர் "மில்லிங் எந்திரம்".

கடப்பாறையில் இருந்து எந்திரத்துக்கு

முன்பெல்லாம் தார் ரோட்டைப் பெயர்க்கக் கடப்பாறையும் பிக்காசும்தான் துணை. பிறகு எந்திரங்கள் வந்தன.

1961-ல் ரெய்ன்ஹார்டு விர்ட்கன் என்ற ஜெர்மானியர் லாரித் தொழில் தொடங்கினார். நாளடைவில் ரோடு எந்திரங்களில் இறங்கினார். 1970-களின் தொடக்கத்தில் வந்த எந்திரங்கள், தாரைச் சூடாக்கி இளக வைத்துச் சுரண்டின. அதில் எரிபொருள் செலவு, புகையும் அதிகம். பிறகு, சூடாக்காமலே அரைத்து எடுக்கும் எந்திரம் வந்தது. இன்று நம் தெருவுக்கு வருவது இந்த இரண்டாவது வகைதான்.

உருளையும் பற்களும்

எந்திரத்தின் வயிற்றுக்கு அடியில் ஒரு பெரிய இரும்பு உருளை இருக்கிறது. அதைச் சுற்றிலும் பற்கள். 2 மீட்டர் அகல உருளையில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பற்கள் உண்டு.

பல்லின் உடல் எஃகு. நுனியில் மட்டும் "டங்ஸ்டன் கார்பைடு" என்ற பொருள் பதித்திருக்கும். மிகமிகக் கடினமான பொருள் அது! ஒவ்வொரு பல்லும் தன் குழியில் தானாகச் சுழலும். அதனால் ஒரு பக்கம் மட்டும் தேயாமல், பென்சில் சீவியது போலச் சுற்றிலும் சமமாகத் தேயும்.

உருளை நிமிஷத்துக்கு ஏறக்குறைய 100 சுற்றுச் சுற்றும். சக்கரம் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றும். கீழே இருந்து மேல்நோக்கிச் சீவுவதால், தார் பெயர்ந்து தூளாகிறது. பெல்ட் அதைத் தூக்கிச் சென்று லாரியில் கொட்டுகிறது.

ஒரு சிறு கணக்கு. ஒரு மீட்டர் அகலத்துக்கு, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டினால், 10 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 1,200 கிலோ தூள் வரும். 85 மீட்டர் போவதற்குள் 10 டன் லாரி நிரம்பிவிடும்!

மேலே நிற்பவர்

இந்த யானைக்குப் பாகன், மேலே நிற்கும் ஆபரேட்டர்.

அவருக்குக் கண் நாலு பக்கமும் வேண்டும். முன்னே லாரி முட்டாமல் போகிறதா? அவர் ஹாரன் அடித்தால்தான் லாரி டிரைவர் வண்டியை நகர்த்துவார். மேலே மின்சாரக் கம்பி இருக்கிறதா? பெல்ட் கம்பியில் பட்டால் உயிருக்கே ஆபத்து. ஆழம் சரியா? பின்னால் வரும் ஆள் அடிக்கடி அளவுகோல் வைத்துப் பார்த்துச் சொல்வார்.

ஆழம் கூடினால் அடியில் உள்ள ஜல்லித் தளம் பெயர்ந்துவிடும். குறைந்தால் ரோடு மறுபடியும் உயர்ந்துவிடும். ஒரு விரல் அளவு தப்பு, ஒரு தெருவுக்கே கஷ்டம்!

காது மிகவும் முக்கியம். பல் உடைந்தால் சத்தம் மாறும். ஓடும் எந்திரத்தின் நடுக்கமும் மாறும். அனுபவசாலி உடனே நிறுத்திவிடுவார். உடைந்த பல்லோடு ஓட்டினால், பல்லைத் தாங்கும் குழியும் கெட்டு, செலவு பல மடங்கு ஆகிவிடும்.

பல் மாற்றும்போது என்ஜின் அணைந்திருக்க வேண்டும். சாவி, பல் மாற்றுபவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும். இது இந்தத் தொழிலின் முதல் பாடம்.

மறைந்திருக்கும் எதிரிகள்

வேலைக்கு முன் தெருவை நடந்து பார்ப்பது அவசியம். பாதாளச் சாக்கடை மூடி எங்கே? குடிநீர் வால்வு எங்கே? எல்லாவற்றையும் சுற்றிப் பெயிண்டால் வட்டம் போடவேண்டும்.

பழைய தாருக்கு அடியில் புதைந்துபோன இரும்பு மூடியில் பற்கள் மோதினால், பற்கள் சிதறும். பல டன் எடையுள்ள எந்திரமே துள்ளிப் பின்னால் பாயக்கூடும். அதனால்தான் எந்திரத்தின் பின்னால் யாரும் ஒட்டி நிற்கக்கூடாது. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைப் பெற்றோர் தள்ளி நிறுத்த வேண்டும்.

இன்னொரு எதிரி, தூசி. ஜல்லிக்கல்லில் "சிலிக்கா" உண்டு. அரைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத தூசியாகப் பறக்கும். வருஷக்கணக்கில் அதைச் சுவாசித்தால் நுரையீரல் கெட்டுப்போகும். அதற்குத்தான் உருளையின் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். தண்ணீர் பற்களையும் குளிர வைக்கும், தூசியையும் அடக்கும். தண்ணீர்த் தொட்டி வற்றிவிட்டால் வேலையை நிறுத்துவதே நல்லது. அமெரிக்காவில் தொழிலாளர் சங்கங்களும் எந்திரக் கம்பெனிகளும் அரசு ஆராய்ச்சியாளர்களும் 2003-ல் இருந்து கூடி ஆராய்ந்தார்கள். தூசியை உறிஞ்சும் கருவி வைக்கும் வழிமுறைகள் 2015-ல் வெளியாயின.

குப்பை அல்ல!

சுரண்டிய தூளைக் குப்பை என்று நினைக்கக்கூடாது. அதில் நல்ல ஜல்லி இருக்கிறது. நூற்றுக்கு 5 பங்கு அளவு தாரும் இருக்கிறது. புதிய கலவையோடு சேர்த்து மறுபடியும் ரோடு போடலாம். அந்த அளவுக்கு மலைகளை உடைப்பது குறையும்.

ஆனால், சுரண்டுவது பாதி வேலைதான். சுரண்டிய ரோட்டை நாள்கணக்கில் அப்படியே போட்டுவிட்டால் ஆபத்து. கோடுகளில் மோட்டார் சைக்கிள் வழுக்கும். சாக்கடை மூடிகள் மேடு போல நிற்கும். இருட்டில் வருகிறவர் விழுவார். ஆகையால் சுத்தமாகக் கூட்டி, தார்க் குழம்பு தெளித்து, விரைவில் புதிய தளம் போட வேண்டும்.

நீங்களும் அளக்கலாம்

உங்கள் தெருவில் ரோடு போடப் போகிறார்களா? ஒரு சுலபமான வேலை செய்யுங்கள். வேலைக்கு முன், வாசற்படியில் இருந்து ரோடு எவ்வளவு இறக்கம் என்று டேப்பால் அளந்து, சுவரில் எழுதி வையுங்கள். வேலை முடிந்த பிறகு மறுபடியும் அளந்து பாருங்கள். அளவு மாறாமல் இருந்தால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. குறைந்திருந்தால் அதிகாரியிடம் சொல்லுங்கள். கையில் கணக்கு இருந்தால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

விடிகிறது. சத்தம் ஓய்ந்துவிட்டது. பாட்டி மறுபடியும் வாசலுக்கு வருகிறாள். காலைக் கீழே வைக்கிறாள். ரோடு 2 அங்குலம் இறங்கி இருக்கிறது.

மண்ணுக்குள் போன படியின் விளிம்பு, இத்தனை வருஷத்துக்குப் பிறகு லேசாக வெளியே எட்டிப் பார்க்கிறது!