துணை மின் பொருத்துவாய் (வாகனம்)

துணை மின் பொருத்துவாய் என்பது வாகனத்தின் பேட்டரியிலிருந்து பிற கருவிகளுக்கு மின்சாரம் எடுப்பதற்காக வாகனத்தில் அமைக்கப்படும் இணைப்பு வாய் ஆகும். பேச்சு வழக்கில் இது லைட்டர் சாக்கெட், சார்ஜர் பாயின்ட் என அழைக்கப்படுகிறது. பெரும்பாலான வாகனங்களில் ஓட்டுநருக்கு முன்னுள்ள பலகையில் ஒரு பொருத்துவாயைத் தயாரிப்பாளரே அமைத்துத் தருகிறார். நெடும்பயணத்திற்கும் களப்பணிக்கும் பயன்படும் நான்கு சக்கர இயக்க வாகனங்களில் இது போதாமையால், பின்பகுதியிலும் வேறு இடங்களிலும் கூடுதல் பொருத்துவாய்கள் சேர்க்கப்படுகின்றன.

பொருத்துவாய் விலை குறைந்த சிறிய உறுப்பு. ஆனால் அதற்கு மின்சாரம் கொண்டு செல்லும் கம்பியின் தடிமன், மின் உருகியின் இடம், பேட்டரியில் எஞ்சும் மின்னூட்டம் ஆகிய மூன்றுமே அமைப்பின் பாதுகாப்பைத் தீர்மானிக்கின்றன.

வரலாறு

மோட்டார் வாகனங்களில் சுருட்டு பற்றவைக்கும் மின்சூடேற்றிகள் 1920களில் பரவலாயின. அவற்றைச் செருகும் குழியே பின்னாளில் பிற கருவிகளுக்கும் மின்சாரம் தரும் பொருத்துவாயாக மாறியது. மின்சாரம் எடுப்பதற்கென்றே வடிவமைக்கப்படாததால், செருகி குலுங்கும்போது கழன்றுவிடுவது இதன் குறையாக இன்றும் நீடிக்கிறது. கரடுமுரடான பாதையில் செல்லும் வாகனங்களில் இக்குறை பெரிதாகத் தெரியும்.

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் மின்னமைப்பு 6 வோல்ட் ஆகும். 1950களில் கார்கள் 12 வோல்ட்டுக்கு மாறின. இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் ஜீப்பை உருவாக்கத் தொடங்கியது. பின்னர் மாருதி ஜிப்சி (1985), மகிந்திரா தார் (2010) போன்றவை பயணிகளிடமும் அரசுத் துறைகளிடமும் இடம்பிடித்தன. இவ்வகை வாகனங்கள் 12 வோல்ட் அமைப்பு கொண்டவை. லாரி, பேருந்து போன்ற கனரக வாகனங்களில் பெரும்பாலும் 24 வோல்ட் உள்ளது. எனவே 12 வோல்ட் கருவியை அவற்றில் நேரடியாக இணைத்தல் கூடாது.

வகைகள்

* லைட்டர் வகை: ஏறத்தாழ 21 மி.மீ. விட்டமுள்ள குழி. நடுமுனை நேர்மின் முனை, சுற்றுச்சுவர் எதிர்மின் முனை. பொதுவாக 10 முதல் 15 ஆம்பியர் வரை தாங்கும்.
* சிறு வகை: ஏறத்தாழ 12 மி.மீ. விட்டமுள்ளது. செருகி இறுக்கமாக அமர்வதால் குலுக்கலில் எளிதில் கழலாது. ஐரோப்பிய மோட்டார் சைக்கிள்களிலும் வேளாண் இயந்திரங்களிலும் மிகுதி.
* யூ.எஸ்.பி. வகை: உள்ளிருக்கும் மின்சுற்று 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்துக் கைப்பேசிக்குத் தரும். புதிய வகைகள் கருவியின் தேவைக்கேற்ப அதிக மின்னழுத்தமும் தருகின்றன.
* இன்வெர்ட்டர் வகை: 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தை 230 வோல்ட் மாறுமின்னோட்டமாக மாற்றும். வீட்டுக் கருவிகளுக்கு ஏற்றது. ஆனால் பேட்டரியிலிருந்து மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும்.

கடலூர், சிதம்பரம் பகுதியில் இதன் தேவை

கடலூர் மாவட்டக் கடற்கரை, புயலாலும் வெள்ளத்தாலும் அடிக்கடி பாதிக்கப்படும் பகுதி ஆகும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இம்மாவட்டத்தின் மீனவ ஊர்களைத் தாக்கியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பச் சில வாரங்கள் ஆயின. 2015 நவம்பரில் பெருவெள்ளமும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணையாற்று வெள்ளமும் மாவட்டத்தைப் பாதித்தன.

இதே மாவட்டத்தின் நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் உற்பத்தி செய்யப்படுகிறது. எனினும் மின்நிலையம் அருகில் இருப்பது மட்டும் போதாது. ஊருக்குள் வரும் கம்பங்கள் விழுந்துவிட்டால் வீட்டுக்கு மின்சாரம் எட்டாது. அந்நாட்களில் வீட்டு வாசலில் நிற்கும் வாகனத்தின் பேட்டரி, கைப்பேசி, விளக்கு, வானொலி ஆகியவற்றுக்கு மின்சாரம் தரக்கூடிய ஒரு சிறு மூலமாகிறது.

பேரிடர் இல்லாத காலத்திலும் இப்பகுதியில் இதற்குப் பயன் உண்டு. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்சார் உயிரியல் உயராய்வு மையம் உள்ளது. பிச்சாவரம் அலையாத்திக் காடும், வெள்ளாறு, கொள்ளிடம் ஆறுகளின் முகத்துவாரங்களும் அருகில் உள்ளன. இத்தகைய இடங்களில் நீர், மண், மீன் மாதிரிகளைச் சேகரிப்போர் அவற்றைக் குளிரில் வைத்திருக்க வேண்டும். 12 வோல்ட்டில் இயங்கும் குளிர்பெட்டி இதற்கு உதவும். அளவுக் கருவிகள், மடிக்கணினி ஆகியவற்றுக்கும் மின்சாரம் தேவைப்படும்.

கம்பியின் தடிமன்

ஓம் விதிப்படி, மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் கிடைப்பது கம்பியில் இழக்கப்படும் மின்னழுத்தம் ஆகும். வீட்டின் 230 வோல்ட்டில் 1 வோல்ட் இழப்பு பொருட்டன்று. 12 வோல்ட்டில் அதே இழப்பு மொத்தத்தில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஆகிவிடுகிறது.

முன்புறப் பேட்டரியிலிருந்து பின்பகுதிக்குக் கம்பி 5 மீட்டர் நீளம் செல்வதாகக் கொள்வோம். போகவும் வரவும் சேர்த்து மின்னோட்டம் 10 மீட்டர் கடக்க வேண்டும். செப்புக் கம்பியில் குளிர்பெட்டி 5 ஆம்பியர் எடுக்கும்போது ஏற்படும் இழப்பு வருமாறு:

* 0.75 சதுர மி.மீ. கம்பி: 1.15 வோல்ட்
* 1.5 சதுர மி.மீ. கம்பி: 0.57 வோல்ட்
* 2.5 சதுர மி.மீ. கம்பி: 0.34 வோல்ட்
* 4 சதுர மி.மீ. கம்பி: 0.22 வோல்ட்

முழு மின்னூட்டம் பெற்ற பேட்டரி, ஓய்வில் 12.6 முதல் 12.7 வோல்ட் வரை காட்டும். 0.75 சதுர மி.மீ. கம்பி வழியாகச் சென்றால் குளிர்பெட்டிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 11.5 வோல்ட் மட்டுமே. பல குளிர்பெட்டிகளில் பேட்டரி தீர்ந்துவிடாமல் காக்கும் தானியங்கி நிறுத்தம் உண்டு. குறைந்த மின்னழுத்தத்தைக் கண்டதும், பேட்டரி தீர்ந்துவிட்டதாகக் கருதிக் குளிர்பெட்டி நின்றுவிடும். பேட்டரி நிறைந்திருந்தும் மாதிரிகள் கெட்டுப்போக இது காரணமாகலாம். இங்கு பழுது குளிர்பெட்டியில் இல்லை, கம்பியில் உள்ளது.

மெல்லிய கம்பியில் அதிக மின்னோட்டம் சென்றால் கம்பி சூடாகும். 0.75 சதுர மி.மீ. கம்பியில் 15 ஆம்பியர் சென்றால், ஒவ்வொரு மீட்டரிலும் ஏறத்தாழ 5 வாட் வெப்பம் உண்டாகும். தரைவிரிப்பின் கீழ் கட்டாகச் செல்லும் கம்பியில் இவ்வெப்பம் வெளியேற வழி குறைவு.

மின் உருகியின் இடம்

மின் உருகி, கருவியைக் காப்பதற்கானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் அதன் முதற்பணி கம்பியைக் காப்பதாகும். எனவே கம்பி எவ்வளவு மின்னோட்டம் தாங்குமோ அதற்கு மேற்படாத அளவுள்ள உருகியையே பொருத்த வேண்டும். எடுத்துக்காட்டாக, 2.5 சதுர மி.மீ. கம்பிக்கு 15 ஆம்பியர் உருகி பொருத்தமானது. தகடு வடிவ உருகிகளில் 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை என நிறங்களால் அளவை அறியலாம்.

உருகியைப் பேட்டரியின் நேர்மின் முனையிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் அமைப்பது நல்லது. இதன் காரணம் பின்வருமாறு. இயந்திர அறைக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையிலுள்ள இரும்புத் தகட்டின் துளை வழியே கம்பி உள்ளே செல்கிறது. வாகனம் குலுங்கும்போது தகட்டின் விளிம்பு கம்பியின் உறையை மெல்ல மெல்ல அறுக்கும். உறை அறுந்து செம்பு தகட்டைத் தொட்டால் குறுக்குச் சுற்று ஏற்படும். கார் பேட்டரி அந்நிலையில் பல நூறு ஆம்பியர் மின்னோட்டத்தைத் தரவல்லது.

உருகி பேட்டரியின் அருகில் இருந்தால் கணப்பொழுதில் உருகி மின்னோட்டத்தை நிறுத்திவிடும். அதே உருகி பொருத்துவாயின் அருகில் இருந்தால், பழுதான இடம் உருகிக்கு முன்னரே அமைந்துவிடுவதால் அது ஒன்றும் செய்யாது. கம்பி பழுத்து உறை எரியும். வாகனம் நின்று சாவி எடுக்கப்பட்ட பின்னரும் இது நிகழலாம். துளையில் ரப்பர் வளையம் இடுவதும், கம்பியை நெளிகுழலுக்குள் செலுத்துவதும் இவ்விபத்தைத் தவிர்க்கும் பிற வழிகள் ஆகும். வயல்சூழ்ந்த ஊர்களில் எலிகள் கம்பியைக் கடிப்பதும் உண்டு. நெளிகுழல் அதற்கும் ஓரளவு தடையாகும்.

ரிலே இணைப்பு

பொருத்துவாய் எப்போதும் மின்சாரம் பெறுமாறும், சாவி திருப்பினால் மட்டும் பெறுமாறும் இருவகையில் அமைக்கலாம். இரண்டாம் வகைக்கு ரிலே பயன்படுகிறது. வாகன ரிலேயின் முனைகள் எண்களால் குறிக்கப்படும். 30 என்ற முனைக்கு உருகி வழியாகப் பேட்டரியும், 87க்குப் பொருத்துவாயும் இணைக்கப்படும். 85, 86 ஆகியவை ரிலேயின் சுருளுக்கானவை. சாவியால் இயங்கும் சிறு மின்னோட்டம் சுருளில் பாய்ந்து, பெரிய மின்னோட்டத்தின் பாதையைத் திறந்து மூடுகிறது. இதனால் சாவிப் பகுதியின் மெல்லிய கம்பிகளுக்குச் சுமை ஏறுவதில்லை.

ஏற்கெனவே உள்ள கம்பியில் உறையைக் கீறிப் புதிய கம்பியை முறுக்கி இணைப்பது பிழையான முறை. மஞ்சள் உறையிட்ட காற்றுப்பை கம்பிகளைத் தொடுதல் ஆகாது. பேட்டரியின் எதிர்மின் முனையில் மின்னோட்ட உணரி உள்ள புதிய வாகனங்களில், எதிர்மின் கம்பியை அம்முனையில் அல்லாமல் வாகன உடலின் இணைப்பிடத்தில் இணைக்க வேண்டும். இல்லையேல் எடுக்கப்படும் மின்னோட்டம் உணரியின் கணக்கில் சேராது.

பேட்டரியின் மின்னூட்டக் கணக்கு

இயந்திரத்தைத் தொடக்கும் ஈய-அமில பேட்டரி, குறைந்த நேரத்தில் பெரும் மின்னோட்டம் தருவதற்காக வடிவமைக்கப்பட்டது. அதைப் பாதிக்கும் கீழே பலமுறை இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஓய்வில் 12.2 வோல்ட் என்பது ஏறத்தாழ பாதி மின்னூட்டத்தைக் குறிக்கும்.

60 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரியில் பயன்படுத்தத்தக்கது 30 ஆம்பியர் மணி எனக் கொள்ளலாம். ஓர் இரவுக்கான எடுத்துக்காட்டுக் கணக்கு:

* குளிர்பெட்டி, சராசரி 2 ஆம்பியர், 10 மணி நேரம்: 20 ஆம்பியர் மணி
* மின்விசிறி, 1.5 ஆம்பியர், 8 மணி நேரம்: 12 ஆம்பியர் மணி
* எல்.இ.டி. விளக்கு, 0.5 ஆம்பியர், 5 மணி நேரம்: 2.5 ஆம்பியர் மணி
* இரண்டு கைப்பேசிகள்: 3 ஆம்பியர் மணி

மொத்தம் 37.5 ஆம்பியர் மணி. இது வரம்பை மீறுகிறது. காலையில் வாகனம் தொடங்காமல் போக வாய்ப்புண்டு. மாறாக, கைப்பேசிகளுக்கு மட்டும் பயன்படுத்தினால், ஒன்றுக்கு 1.5 ஆம்பியர் மணி வீதம் அதே 30 ஆம்பியர் மணியில் 20 கைப்பேசிகளுக்கு மின்னூட்டலாம். புயலுக்குப் பின் ஒரு தெருவுக்கே இது போதுமானது. நோயாளியை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லவும் அதே வாகனம் தேவைப்படலாம் என்பதால், இக்கணக்கு பேரிடர்க் காலத்தில் மேலும் முக்கியமாகிறது.

எடுத்த மின்னூட்டம் ஓட்டத்தில் விரைவாகத் திரும்பிவிடும் என்பதும் முழு உண்மையன்று. ஈய-அமில பேட்டரி நிறைய நிறைய, மின்னூட்டம் ஏற்கும் வேகம் குறைகிறது. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கான ஏறத்தாழ 45 கி.மீ. பயணத்தில், பாதி தீர்ந்த பேட்டரி முழுமையாக நிறையாது.

இரண்டாம் பேட்டரி

தொடர்ந்து மின்சாரம் தேவைப்படுவோர் தனியாக இரண்டாம் பேட்டரியை அமைக்கின்றனர். மின்னழுத்தம் உணரும் ரிலே, இயந்திரம் ஓடி மின்னழுத்தம் ஏறத்தாழ 13.3 வோல்ட்டை எட்டும்போது இரு பேட்டரிகளையும் இணைக்கும். ஏறத்தாழ 12.8 வோல்ட்டுக்குக் குறைந்தால் பிரிக்கும். எனவே இரவில் எவ்வளவு பயன்படுத்தினாலும் தொடக்க பேட்டரி பாதுகாப்பாக இருக்கும். லித்தியம் பேட்டரி அமைப்போரும், மின்னாக்கியின் மின்னழுத்தம் கணினியால் மாற்றப்படும் புதிய வாகனம் உடையோரும், இதற்கு மாற்றாக நேர்மின்னோட்ட மாற்றி மின்னூட்டியைப் பயன்படுத்துவர். இரு பேட்டரிகளை இணைக்கும் கம்பியில் இரு முனைகளிலும் உருகி தேவை.

இன்வெர்ட்டர் பயன்பாடு

150 வாட் எடுக்கும் வீட்டு நெபுலைசரை, 85 விழுக்காடு திறனுள்ள இன்வெர்ட்டர் வழியே இயக்கினால், பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 15 ஆம்பியர் செல்லும். 10 ஆம்பியர் லைட்டர் பொருத்துவாயில் இதைச் செருகினால் உருகி எரிந்துவிடும். உருகி எரிகிறதென்று பெரிய உருகியை இடுவதே வாகனத் தீவிபத்துக்கு வழிவகுக்கும் செயல் ஆகும். இத்தகைய கருவிகளுக்கான இன்வெர்ட்டரைத் தடித்த கம்பியாலும் தனி உருகியாலும் பேட்டரியுடன் நேரடியாக இணைக்க வேண்டும். கால் மணி நேரப் பயன்பாட்டுக்குச் செலவாவது ஏறத்தாழ 4 ஆம்பியர் மணி மட்டுமே.

கடற்கரைச் சூழலில் பராமரிப்பு

உப்புக் காற்று செம்பையும் இணைப்பு முனைகளையும் அரிக்கிறது. அரித்த இணைப்பில் மின்தடை கூடி, அவ்விடம் சூடாகும். வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பி, வெப்பத்தால் சுருங்கும் உறை, மூடியுள்ள பொருத்துவாய் ஆகியவை அரிப்பைக் குறைக்கின்றன. பொருத்துவாயைத் தரைமட்டத்தில் அமைக்காமல் உயர்த்தி அமைத்தால் வெள்ளநீர் எளிதில் புகாது. நீரில் மூழ்கிய வாகனத்தில், பேட்டரியின் எதிர்மின் முனையை முதலில் கழற்றி, இணைப்புகள் அனைத்தையும் உலர்த்திச் சோதித்த பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

பேட்டரியை நிரப்புவதற்காக மூடிய கொட்டகையில் இயந்திரத்தை ஓடவிடுதல் உயிருக்கு ஆபத்தானது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது என்பதால், அது சேர்வதை உள்ளிருப்போர் உணர்வதில்லை.

சட்டமும் உத்தரவாதமும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடுமாறு வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. பொருத்துவாய் சேர்ப்பதால் அவ்விவரங்கள் மாறுவதில்லை. ஆயினும் கம்பிகளை வெட்டி இணைத்தால், தயாரிப்பாளரின் உத்தரவாதமும் தீவிபத்துக்கான காப்பீட்டுக் கோரிக்கையும் கேள்விக்குள்ளாகலாம். எனவே மூலக் கம்பிகளைத் தொடாமல் பேட்டரியிலிருந்து தனிப்பாதை அமைப்பதும், செய்த வேலைக்கு ரசீது பெற்று வைப்பதும் பயனுள்ளவை.

இவற்றையும் பார்க்க

* ஈய-அமில பேட்டரி
* ஓம் விதி
* மின் உருகி
* ஜீப்
* தானே புயல்
* கடலூர் மாவட்டம்