மெத்தைக்குள் மரமா, எண்ணெயா?

மணவாளக்குறிச்சி என்றதும் கருமணல் நினைவுக்கு வரும். அங்கிருந்து வடக்கே குலசேகரம் பக்கம் சென்றால், ரப்பர் மரங்களில் பால் வடிவதைக் காணலாம். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். மீதி பெரும்பாலும் நீர். பாலைச் செறிவாக்கி, நுரைக்க அடித்து, கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் மெத்தை கிடைக்கிறது.

செயற்கைப் பாலோ, பெட்ரோலியத்திலிருந்து பெறும் ஸ்டைரீனும் பியூட்டாடையீனும் இணைந்து உருவாவது. கடையில் இரண்டுக்கும் பெயர் 'லேடெக்ஸ்' தான்!

வேறுபாடு எங்கே? இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒரே ஒழுங்குடையவை. இழுக்கும்போது அணிவகுத்துப் படிகமாகின்றன. எனவே எளிதில் கிழிவதில்லை. செயற்கைச் சங்கிலியில் அவ்வொழுங்கு இல்லை. ஆனால் இயற்கைப் பாலிலுள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாது.

ஆகவே வாங்குமுன், "எந்தப் பால்? எத்தனை விழுக்காடு?" என்று கேளுங்கள். விடியற்காலையில் பால் வெட்டுபவரின் உழைப்பு பெயரளவில் மட்டும் விலைபோகலாகாது.