தக்காளிப் பூ கொட்டுவது ஏன்? போடியில் ராத்திரிப் புழுக்கம் செய்யும் வேலை!

போடிநாயக்கனூர்:

செடி கொழுகொழு என்று நிற்கிறது. பூ கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் அத்தனையும் தொட்டிக்கு அடியில் கொட்டிக் கிடக்கிறது!

சித்திரை, வைகாசியில் போடியில் மாடியிலும் கொல்லையிலும் தக்காளி வைத்தவர்கள் படும் பாடு இது.

"உரம் போட்டாச்சு, தண்ணி ஊத்தியாச்சு. ஒரு காய்கூட நிக்க மாட்டேங்குதே!" என்று புலம்புகிறார்கள் பெண்கள்.

புலம்பலுக்குக் காரணம் இருக்கிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. அந்த மாதிரி நேரத்தில் வீட்டில் 4 செடி காய்த்தால் ரசத்துக்குக் கவலை இல்லை.

குற்றவாளி யார்?

பூச்சி அல்ல. உரக் குறைவும் அல்ல. பெரும்பாலும் ராத்திரிப் புழுக்கம்தான்!

தக்காளிப் பூவில் ஆண் பாகம், பெண் பாகம் இரண்டும் ஒரே பூவில் இருக்கின்றன. அதன் மகரந்தம் அதிலேயே விழுந்து காய் பிடிக்கும். இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் நன்றாகப் பிடிக்கும். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாவிட்டால் மகரந்தம் செத்துப் போகும். பூ உதிர்ந்து விடும்.

ஏலத் தோட்டத்து வேலைக்கு விடியற்காலையில் ஜீப் ஏறுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு போனால் சில்லென்ற காற்று. சாயங்காலம் ஊருக்கு இறங்கினால் வியர்த்துக் கொட்டுகிறது.

மாடிச் செடியின் நிலைமை இன்னும் மோசம். பகலெல்லாம் காய்ந்த தளம் ராத்திரி முழுவதும் அந்தச் சூட்டைக் கக்குகிறது.

மருந்து அடிக்காதீர்!

பூ கொட்டியதும் பூச்சி மருந்து டப்பாவைத் தேடுவது ஆபத்து. புழுக்கத்தால் உதிரும் பூவை எந்தப் பூச்சி மருந்தும் நிறுத்தாது. ஏலக்காய்க்கு அடித்து மிஞ்சிய மருந்து வீட்டுத் தக்காளிக்கு ஆகவே ஆகாது.

மோனோகுரோட்டபாஸ் மருந்தைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-ல் மத்திய அரசு தடை போட்டது. 2013 ஜூலையில் பீகாரில் இந்த விஷம் கலந்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 பள்ளிக் குழந்தைகள் பலியானார்கள். குழந்தைகள் பறித்துத் தின்னும் செடியில் இந்த விளையாட்டு வேண்டாம்!

பக்கத்து ஊர் விதை

கடைப் பழத்தைப் பிழிந்து விதைப்பது பலருடைய வழக்கம். கடைக்கு வருவதில் பெரும்பகுதி வீரிய ஒட்டு ரகம். அதன் விதை தாய்ச்செடி போலக் காய்க்காது.

நம்ம ஊர்ப் பக்கத்து ரகமே இருக்கிறது. தேனிக்கும் பெரியகுளத்துக்கும் நடுவே உள்ள ஊர் அன்னஞ்சி. அந்தப் பெயரில் வழங்கிய நாட்டுத் தக்காளியிலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கி 1978-ல் வெளியிட்டதுதான் பி.கே.எம்.1. செடி குட்டை. பழம் தட்டை உருண்டை. 135 நாளில் மகசூல் முடியும். ஒட்டு ரகம் இல்லாததால் நல்ல பழத்தின் விதையை எடுத்து வைத்து மறுபடியும் போடலாம்.

மாதம் தப்பினால் அதுவும் பூவைக் கொட்டும். விதை போட்டு ஏறக்குறைய 2 மாதத்தில் பூ வரும். மாசியில் போட்டால் சித்திரை வெயிலில் போய் மாட்டும். ஐப்பசிக் கடைசியில் போட்டால் மார்கழிக் குளிரில் பூக்கும். மாசியில் பழம் பறிக்கலாம்.

இப்போதே வைத்து விட்டவர்கள் என்ன செய்வது?

* தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். தளத்துச் சூடு வேருக்கு ஏறாது.

* மேற்கு வெயில் படாமல் பச்சை வலையோ பழைய சேலையோ கட்டுங்கள். காலை வெயில் வேண்டும்.

* மண் மேல் காய்ந்த சருகு பரப்புங்கள். தண்ணீரைக் காலையில் அளவாக ஊற்றுங்கள். ஒரு நாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்றால் பழம் வெடிக்கும்; அடியும் கறுக்கும்.

* காலை 8 மணிக்கு மேல் பூக்கொத்தை விரலால் லேசாகத் தட்டுங்கள். மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும்.

* யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். இலைதான் வளரும்.

* வெள்ளை ஈ வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளித்தால் போதும்.

பூ கொட்டுகிறதே என்று ஆத்திரத்தில் செடியைப் பிடுங்கி எறிய வேண்டாம். இலை சுருளாமல் நன்றாக இருக்கும் செடி, ஆனிச் சாரல் காற்று வந்து சூடு தணிந்தால் மறுபடியும் பூக்கும். அந்தப் பூ நிற்கும்!