உங்களுக்குத் தெரியுமா? படுக்கும் ‘லை’, கிடத்தும் ‘லே’

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இன்றும் தடுமாறும் இரண்டு வினைச்சொற்கள் ‘லை’யும் ‘லே’யும்.

‘லை’ என்றால் படு, கிட. நாய் திண்ணையில் தானாகப் படுத்தால் ‘லை’. ‘லே’ என்றால் கிடத்து, வை. எதை என்று கேட்டால் பதில் இருந்தாக வேண்டும். குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது, கொத்தனார் செங்கல் பதிப்பது, கோழி முட்டையிடுவது எல்லாம் ‘லே’.

சிக்கல் இறந்தகாலத்தில்தான். ‘லை’யின் இறந்தகாலமே ‘லே’! ஆகவே ‘ஐ லே டவுன்’ என்றால் ‘நான் படுத்தேன்’. அசல் ‘லே’வுக்கு இறந்தகாலம் ‘லெய்டு’. போதாக்குறைக்கு, பொய் சொல்வதற்கும் ஒரு ‘லை’ உண்டு. அதன் இறந்தகாலம் ‘லைடு’.

1969இல் வெளியான, அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பாடல் ஒன்றின் தலைப்பு ‘லே லேடி லே’. பெண்ணைப் படுக்கச் சொல்லும் இடம் என்பதால், ஏட்டு இலக்கணப்படி அங்கே ‘லை’தான் வரவேண்டும்.

இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. தமிழில் ‘கிட’விலிருந்து ‘கிடத்து’ என்ற பிறவினை பிறப்பதுபோல, ஆங்கிலத்துக்கு மூலமான பழைய ஜெர்மானிய மொழியில் ‘லை’யின் பிறவினையாக உருவானது ‘லே’. மரம் தானாக விழுந்தால் ‘ஃபால்’, வெட்டி வீழ்த்தினால் ‘ஃபெல்’ என்பதும் இதே வகை. அங்கும் அதே கூத்து: ‘ஃபால்’ என்பதன் இறந்தகாலமும் ‘ஃபெல்’!