பாரதியார் பாட்டு யாருக்குச் சொந்தம்?

ரயிலே ஓடாத இந்தத் தீவுக்கு, மகன் வீட்டோடு இருக்கலாம் என்று வந்து சேர்ந்த ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளன் நான். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் பேரன் சென்ற மாதம் பாரதியாரைப் பற்றிப் பள்ளிக்கு ஒரு கட்டுரை தயாரித்தான். எழுத்து, படம் எல்லாம் இணையத்தில் எடுத்தவை. அடியில் மட்டும் அவன் பெயர். "இதை எழுதியது யாரப்பா?" என்றேன். "கூகுள், தாத்தா" என்றான்! 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு நம் வீடுகளில் எதுவும் நொடியில் கிடைக்கிறது. அதை உண்டாக்கியவர் ஒருவர் இருக்கிறார் என்பதைத்தான் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை.

பாலத்தின் வரைபடம் ஒவ்வொன்றிலும் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் கையெழுத்துகள் அதில் வரும். "அந்தக் கட்டத்தைத்தான் நீ வெட்டி எறிந்துவிட்டாய்" என்று விளக்கினேன்.

உடனே என்னை மடக்கினான்: "பாரதியார் பாட்டை எல்லாரும் பாடுகிறார்களே, யாரிடம் கேட்டார்கள்?"

நல்ல கேள்வி. பாரதியார் 1921இல் மறைந்த பிறகு அவர் பாடல்களின் உரிமை பல கை மாறியது. திரைப்படத்தில் பாடும் உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு உரிமைகளைப் பெற்று, 1955இல் பொதுவுடைமையாக்கியது. அதனால்தான் கேட்காமல் பாடுகிறோம். மற்ற எழுத்தாளர்களுக்கு, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. (இதைக் காப்புரிமை என்று எழுதுகிறார்கள், அது பேடன்ட், வேறு விஷயம்.)

பிள்ளைகள் தவறும் இடம் ஒன்று உண்டு. பாரதியாரின் சொற்கள் பொது. ஆனால் அண்மையில் ஒருவர் அமைத்த மெட்டும், அதன் ஒலிப்பதிவும் பொது அல்ல. ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் கூடும் பள்ளி விழாவில் அதைப் பாடச் சட்டம் இடம் தருகிறது. அதையே யூடியூபில் ஏற்ற உரியவர் அனுமதி வேண்டும்.

"நானே எடுத்த வீடியோ என்றால்?" என்றான். அந்தமான் டிரங்க் ரோட்டில் ஜாரவா மக்களைப் படமெடுப்பது குற்றம் என்று அவனுக்குத் தெரியும். பயணிகளுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் வீடியோ 2012இல் உலகெங்கும் பரவியபோது நம் தீவுக்கே தலைகுனிவு. வகுப்புத் தோழன் தூங்குவதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும் அந்த வரிசையில்தான் வைத்தேன். பதில் பேசவில்லை, போனவாரம் போட்டிருந்தானாம்.

கட்டுரையைச் சொந்தமாக எழுதியதும் நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமாகிவிட்டது. மதிப்பெண் குறையுமே என்று மருமகளுக்குக் கவலை. அவன் அடியில் ஒரு கட்டம் போட்டு, படித்த நூலின் பெயரையும் படம் எடுத்த இடத்தையும் எழுதி, 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடும்படி என்னிடம் நீட்டினான்.